கறுப்பு ஜன்னலில் பெயர் தெரியவில்லையா? ஸ்பிரிங் பூட் பேனர் பிழைகள், அறிகுறி வாரியாக

கிளிநொச்சியில் இருந்துகொண்டு மாங்குளம், முள்ளியவளைப் பக்கத்து அரிசி ஆலைகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறேன். ஒரு ஆலையில் ஒரே கணினிதான் இருக்கும். அதில் தராசுப் பதிவு, நெல் இருப்பு, பில் என்று மூன்று செயலிகள் ஓடும். மூன்றும் ஸ்பிரிங் பூட்டில், அதாவது ஜாவாவில் செயலி எழுத உதவும் ஒரு சட்டகத்தில், எழுதியவை. காலையில் கணினியைப் போட்டதும் மூன்று கறுப்பு ஜன்னல்கள் திறக்கும். மூன்றும் ஒரே மாதிரி இருக்கும்.

"அண்ணை, பில் வருகுதில்லை" என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது, "ஜன்னலை மேலே ஏற்றிப் பாருங்கோ, என்ன படம் இருக்கு?" பனை மரம் என்றால் தராசு. அலை என்றால் இருப்பு. 'ப' என்ற எழுத்து என்றால் பில். படத்துக்குக் கீழே வேர்ஷன் எண். இவ்வளவும் தெரிந்தால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும். செயலி தொடங்கும்போது ஜன்னலின் தலையில் அச்சடிக்கும் இந்த எழுத்துப் படத்தைத்தான் பேனர் என்கிறோம். பேனர் வைக்காத காலத்தில், பழைய வேர்ஷன் ஓடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க மட்டும் மோட்டார் சைக்கிளில் மாங்குளம் போய் வந்திருக்கிறேன். அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

என்னிடம் வேலை பழக வரும் தம்பி, தங்கச்சிமார் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் பிழைகள் கீழே இருக்கின்றன. ஃபைல் பெயர்களையும் கட்டளைகளையும் போனில் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டவும். பெரிய எழுத்து என்று நான் தனியாகச் சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்து.

## அறிகுறி 1: நான் போட்ட படம் வரவில்லை, ஸ்பிரிங் பூட்டின் சொந்தப் பேனரே வருகிறது

உங்கள் ஃபைல் அதன் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்பதை இப்போதைக்கு விடுங்கள்.

இடம் சரியா? ஃபைல் இருக்க வேண்டியது எஸ்ஆர்சி / மெயின் / ரிசோர்சஸ் ஃபோல்டரில் நேரடியாக. ஜாவா கோட் இருக்கும் ஃபோல்டரிலோ, ரிசோர்சஸுக்குள் இன்னொரு ஃபோல்டரிலோ வைத்தால் எடுபடாது.

பெயர் சரியா? பேனர்.டிஎக்ஸ்டி. விண்டோஸ் ஃபைல் பெயரின் வாலை மறைத்து வைத்திருக்கும். நோட்பேடில் பெயரை முழுதாகத் தட்டிச் சேமித்தவர்களில் பலரிடம் உண்மையில் இருப்பது பேனர்.டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி. எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' போய், வாலைக் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

முதல் எழுத்து பெரிதாக இருக்கிறதா? இது ஆளை நன்றாக ஏமாற்றும். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. ஆகவே உங்கள் லப்டொப்பில் எடிட்டருக்குள் ஓட்டும்போது படம் வரும். ஜார் ஃபைலாக (செயலி முழுவதையும் ஒன்றாகப் பொதித்த ஃபைல்) கட்டியதும் காணாமல் போகும், ஏனென்றால் ஜாருக்குள் இரண்டும் வேறு வேறு. லினக்ஸ் சேர்வரிலும் அதே கதைதான். "என்ரை மெஷினிலை வருது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கட்டியது புதிய ஜார்தானா? ஜாரை ஒரு ஜிப் போலத் திறந்து, பூட்-இன்எஃப் / கிளாசஸ் ஃபோல்டருக்குள் பாருங்கள். அங்கே ஃபைல் இல்லை என்றால் மறுபடி சுத்தமாகக் கட்டவும். டேட்டா முடிந்து கையில் இணையம் இல்லாத நேரம் என்றால் மேவனுக்கு (ஜாரைக் கட்டித் தரும் கருவி) 'மைனஸ் ஓ' கொடுங்கள். ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவற்றை வைத்தே கட்டிவிடும்.

இடத்தை நீங்களே மாற்றிச் சொல்லியிருக்கிறீர்களா? ஸ்பிரிங்.பேனர்.லொக்கேஷன் என்ற அமைப்பில் வேறு பாதை கொடுக்கலாம். ஆலைக்கு ஆலை வேறு படம் வைக்க எனக்கு இது மிகவும் உதவுகிறது. ஜாரைத் தொடாமல் வெளியில் இருக்கும் ஃபைலை மாற்றினால் போதும். ஆனால் இரண்டு பொறிகள் இருக்கின்றன. அமைப்புகளை எழுதி வைக்கும் ப்ரொப்பர்ட்டீஸ் ஃபைலில் விண்டோஸ் பாதையைப் பின்சாய்கோட்டால் எழுதினால் கோடுகள் விழுங்கப்படும். முன்சாய்கோடு போடுங்கள், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். மற்றது, 'இந்த ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்' என்று பாதி விலாசம் கொடுத்துவிட்டு டாஸ்க் ஷெட்யூலர் மூலம் செயலியைத் தொடங்கினால் 'இந்த ஃபோல்டர்' வேறு எங்கேயோ இருக்கும். முழு விலாசம் கொடுத்தால் இந்தச் சோலி இல்லை.

மிகப் பழைய 1.எக்ஸ் வேர்ஷனில் இதே அமைப்பின் பெயர் முன்னால் 'ஸ்பிரிங்' இல்லாமல் பேனர்.லொக்கேஷன் என்றே இருந்தது. 2.0 இல் மாறியது. பழைய ப்ரொஜெக்டில் இருந்து வரியைப் பிரதி எடுத்தவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஜாவா கோடுக்குள்ளேயே பேனர் எழுதியவர்களுக்கும் ஒரு வார்த்தை: பேனர் ஃபைல் ஒன்று இருந்தால் அதுதான் முதலில் எடுபடும். கோடில் எழுதியது ஃபைல் இல்லாத போதுதான் வரும்.

## அறிகுறி 2: படமும் இல்லை, ஸ்பிரிங்கின் பேனரும் இல்லை

ஸ்பிரிங்.மெயின்.பேனர்-மோட் என்ற அமைப்பைத் தேடுங்கள். அதற்கு மூன்று நிலைகள்: கொன்சோல் (கறுப்பு ஜன்னல்), லொக் (செயலியின் பதிவேடு), ஒஃப். கோடில் கொன்சோல் என்று எழுதியிருந்தாலும் ப்ரொப்பர்ட்டீஸில் ஒஃப் என்று இருந்தால் ஒஃப்தான் வெல்லும். தொடங்கும் கட்டளையில் யாராவது சேர்த்திருந்தால் அது ப்ரொப்பர்ட்டீஸையும் வெல்லும். ஆகவே தொடங்கும் பேட்ச் ஃபைலையும் திறந்து பார்க்க வேண்டும்.

லொக் என்று இருந்தால் படம் லொக்கில் 'இன்ஃபோ' மட்டத்தில்தான் எழுதப்படும். லொக் மட்டத்தை 'வார்ன்' ஆக உயர்த்தியிருந்தால் படம் அதோடு போய்விடும்.

அமைப்பெல்லாம் சரி, ஆனாலும் வெறுமை என்றால் பேனர் ஃபைலின் அளவைப் பாருங்கள். பூச்சியம் பைட் என்றால் ஃபைல் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. ஸ்பிரிங் அந்த ஒன்றுமில்லாததை ஒழுங்காக அச்சடித்துவிட்டுப் போய்விடும். சேமித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போன ஒரு கணினியில் இதைப் பார்த்தேன். அமைப்பையே ஒரு மணித்தியாலம் தோண்டிவிட்டுக் கடைசியில்தான் அளவைப் பார்த்தேன். நீங்கள் அதை முதலிலேயே பாருங்கள்.

ஜன்னலே வரவில்லை என்றால், ஜாவாவுக்குப் பதிலாக 'டபிள்யூ' சேர்ந்த ஜாவாடபிள்யூ கட்டளையால் தொடங்கியிருப்பார்கள். அதற்குக் கொன்சோலே கிடையாது.

## அறிகுறி 3: படம் சாய்ந்து, உடைந்து வருகிறது

எனக்கு அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். நான் வைத்திருக்கும் பனை இப்படி இருக்க வேண்டும்:

```
     \ | /
    --\|/--
     / | \
       |
       |
   ~~~~~~~~~
```

வருவது இப்படி:

```
       | /
    -- |/--
     / |
       |
       |
   ~~~~~~~~~
```

இடப்பக்க ஓலையும் கீழே வலப்பக்க ஓலையும் போய்விட்டன. எவை போயிருக்கின்றன என்று வடிவாகப் பாருங்கள்: எல்லாமே பின்சாய்கோடுகள். அப்படியானால் காரணம் இரண்டில் ஒன்று.

படத்தை ஜாவா கோடுக்குள் மேற்கோளில் ஒட்டியிருப்பீர்கள். ஜாவாவில் பின்சாய்கோட்டுக்குத் தனி வேலை உண்டு. தனியாக விட்டால் கம்பைலர் பிழை காட்டும். பழகுபவர்கள் அந்தப் பிழையை நிறுத்த, கோட்டை அழித்துவிட்டு இடைவெளி விட்டுவிடுகிறார்கள். பில்ட் ஓடிவிடும், மரம் மொட்டையாகிவிடும். ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் இரண்டாகத் தட்ட வேண்டும். மூன்று மேற்கோள் போட்டு எழுதும் புதிய முறையிலும், ஜாவா 15 முதல் வந்தது, இதே விதிதான். என் சொல்லைக் கேட்டால் படத்தைக் கோடுக்குள் வைக்கவே வேண்டாம். தனி ஃபைலில் பின்சாய்கோட்டை உள்ளபடியே விடலாம்.

தனி ஃபைல்தான், ஆனாலும் பிழை என்றால் கிரேடிலை (மேவன் போன்ற இன்னொரு கட்டும் கருவி) பாருங்கள். ரிசோர்சஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'எக்ஸ்பாண்ட்' போட்டிருந்தால் அது பேனரையும் மென்றுவிடும்: பின்சாய்கோட்டையும் டொலர் குறியையும் தனக்கான கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். சில படங்களில் பில்ட்டே அந்த இடத்தில் விழுந்துவிடும். எக்ஸ்பாண்டை அப்ளிகேஷன் ப்ரொப்பர்ட்டீஸ் ஃபைலுக்கு மட்டும் கட்டுப்படுத்துங்கள்.

எல்லா வரிகளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருந்தால், படம் எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். மெசேஜில் அனுப்பிய படம் என்றால் அதைத் திருத்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள். மெசேஜ் செயலிகளின் எழுத்தில் 'இ' ஒரு அகலம், 'ணை' ஒரு அகலம். கொன்சோலிலோ எல்லாக் குறிகளும் ஒரே அகலம். அதோடு நட்சத்திரக் குறி தடித்த எழுத்தாகவும் அடிக்கோடு சாய்வெழுத்தாகவும் அலைக்கோடு வெட்டுக்கோடாகவும் மாறிவிடும் செயலிகள் இருக்கின்றன. ஃபைலாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். வேர்ட் வழியாக வந்ததும் அப்படித்தான்: நேர் மேற்கோளை வளைத்துவிடும்.

சில வரிகள் மட்டும் பெரிதாகத் தாவியிருந்தால் உள்ளே டேப் இருக்கிறது. எடிட்டரில் எல்லா டேப்பையும் இடைவெளியாக மாற்றிவிடுங்கள்.

முதல் வரி மட்டும் ஒரு கட்டம் தள்ளியிருந்தால் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி இருக்கிறது. விண்டோஸ் 7 நோட்பேடில் யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் குறியாக்கம்) என்று சேமித்தாலே அது ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் 10 இன் 1903 வேர்ஷன் முதல் நோட்பேட் அந்தக் குறி இல்லாமலே சேமிக்கிறது. ஆலைகளில் இன்னும் பழைய கணினிகள் இருப்பதால் எனக்கு இது அடிக்கடி வருகிறது. அவசரத்துக்கு ஒரு வழி: முதல் வரியை வெறுமையாக விட்டுப் படத்தை இரண்டாவது வரியில் தொடங்குங்கள்.

வரியின் வால் அடுத்த வரியில் விழுந்தால் படம் அகலம் கூடிவிட்டது. பழைய கொன்சோலில் ஒரு வரிக்கு 80 கட்டங்கள். நான் 60ஐத் தாண்டுவதில்லை. போனில் இருந்து சேர்வருக்குள் போய்ப் பார்ப்பவர்கள் 40க்குள் வைத்தால் நல்லது.

## அறிகுறி 4: தமிழ் எழுத்து வரவில்லை

என்ன வருகிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

கேள்விக்குறிகள் வரிசையாக: ஜாவா வெளியே தள்ளும் இடத்தில் எழுத்து தொலைகிறது. ஜன்னலில் முதலில் 'சிஎச்சிபி 65001' (ஜன்னலை யூடிஎஃப்-8க்கு மாற்றும் கட்டளை) என்று தட்டிவிட்டு அதே ஜன்னலில் செயலியைத் தொடங்குங்கள். சரி வந்தால் அந்த வரியைப் பேட்ச் ஃபைலின் தலையில் சேர்த்துவிடுங்கள். வரவில்லை என்றால் தொடங்கும் கட்டளையில் மைனஸ் பெரிய டி போட்டு ஃபைல்.என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கொடுக்கவும்; ஜாவா 17 வரைக்கும் இது. ஜாவா 19 அல்லது அதற்கு மேல் என்றால் அதே இடத்தில் எஸ்டிடிஅவுட்.என்கோடிங். ஜாவா 18 முதல் ஃபைல் வாசிப்பது யூடிஎஃப்-8 என்று நிலையாகிவிட்டாலும் கொன்சோலுக்கு எழுதுவது தனிக் கணக்கு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' திரும்பத் திரும்ப, ஒரு எழுத்துக்கு மூன்று குப்பை வீதம்: எழுத்து தொலையவில்லை, வாசிப்பவர் பிழையாக வாசிக்கிறார். யூடிஎஃப்-8 இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாகக் காட்டுகிறது. இதற்கும் மேலே சொன்ன 65001தான் முதல் மருந்து. ஸ்பிரிங்.பேனர்.சார்செட் என்று யாராவது வேறு எதையாவது எழுதியிருந்தால் அந்த வரியை அழித்துவிடுங்கள். எழுதாவிட்டால் யூடிஎஃப்-8 என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

பெட்டி பெட்டியாக: எழுத்து சரியாக வந்துவிட்டது, ஜன்னலின் எழுத்துருவில் தமிழ் இல்லை. எழுத்துருவை மாற்றிப் பாருங்கள், அல்லது விண்டோஸ் டெர்மினலில் ஓட்டுங்கள்.

எழுத்து வருகிறது, கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கின்றன: பழைய கொன்சோலுக்குத் தமிழைச் சேர்த்து எழுதத் தெரியாது. 'கொ' என்ற எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி வரும் என்பது அதன் கட்டக் கணக்குக்குள் வராது. இதற்காக மணிக்கணக்காக மெனக்கெட வேண்டாம். தமிழைச் சட்டத்துக்குள் வைத்து வலப்பக்கக் கோட்டை நேராக்கப் பார்ப்பதும் வீண் வேலை. ஒரு கணினியில் நேரானது மறு கணினியில் வளையும்.

இணையத்தில் பெரிய எழுத்துச் செய்து தரும் கருவிகள் ஃபிக்லெட்டின் வழி வந்தவை. 1991 இல் ஆங்கில எழுத்துக்கென்று தொடங்கிய நிரல் அது. நாம் தமிழில் தட்டினால் அதில் ஒன்றும் நடக்காது. ஆனால் கையால் வரைய யார் தடுக்கிறார்கள்? தமிழில் ப, ட போன்ற எழுத்துகள் நேர்கோட்டிலேயே நிற்பவை. பில் செயலிக்கு நான் வைத்திருப்பது இது:

```
   ##        ##
   ##        ##
   ##        ##
   ##        ##
   ############
```

இதில் தமிழ் எழுத்துருவும் வேண்டாம், 65001உம் வேண்டாம். எந்தப் பழைய கணினியிலும் 'ப' 'ப' ஆகவே நிற்கும். ஆங்கிலம் வாசிக்க வராத ஐயா ஒருவர் தராசடியில் இருந்துகொண்டு, "தம்பி, பானா போட்ட பெட்டி நிண்டு போச்சு" என்று போனில் சொன்னபோது எனக்கு வேறு எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் செய்து பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

## அறிகுறி 5: நிறம் வரவில்லை, அல்லது நிறத்துக்குப் பதில் குப்பை

விண்டோஸில் நிறம் வராதது பிழை அல்ல. ஸ்பிரிங்.அவுட்புட்.அன்ஸி.எனேபிள்ட் என்ற அமைப்பு 'டிடெக்ட்' இல் இருக்கும்; விண்டோஸ் என்று கண்டால் அது நிறத்தை நிறுத்திவிடும். 'ஓல்வேய்ஸ்' என்று மாற்றினால் விண்டோஸ் டெர்மினலில் வரும். பழைய சிஎம்டி ஜன்னலில் சதுர அடைப்பும் எண்ணும் கலந்த குப்பை வந்தால் 'நெவர்' என்று போட்டுவிட்டு நிறத்தை மறந்துவிடுங்கள். லொக் ஃபைலுக்குப் போகும் செயலிக்கும் அப்படியே.

பேனர் ஃபைலில் நிறத்தின் பெயரை டொலர் குறிக்குப் பின் நெளிவு அடைப்புக்குள் எழுதுவோம். அந்த டொலரும் அடைப்பும் எழுத்தோடு எழுத்தாகவே வந்தால் நிறத்தின் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறது.

பேனருக்குப் பிறகு வரும் வரிகளெல்லாம் பச்சையாகவே வந்தால், கடைசி வரியில் அன்ஸிகலர்.டிஃபோல்ட் (அன்ஸி, கலர் இரண்டின் முதல் எழுத்தும் பெரிது, டிஃபோல்ட் முழுதும் பெரிய எழுத்து) போட்டு நிறத்தை மூடவில்லை.

## அறிகுறி 6: வேர்ஷன் எண் இருக்க வேண்டிய இடம் காலி

எனக்குப் படத்தை விட இந்த எண் முக்கியம். அப்ளிகேஷன்.வேர்ஷன் என்பது ஜாருக்குள் இருக்கும் மேனிஃபெஸ்ட் ஃபைலில் (ஜாரின் விவரக் குறிப்பு) இருந்து வருகிறது. ஆகவே எடிட்டருக்குள் ஓட்டும்போது காலியாகத்தான் இருக்கும். ஜாராகக் கட்டி 'ஜாவா மைனஸ் ஜார்' கட்டளையால் ஓட்டிப் பாருங்கள்.

அப்போதும் காலி என்றால் ஜாரைத் திறந்து மேனிஃபெஸ்டில் இம்ப்ளிமென்டேஷன்-வேர்ஷன் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். மேவனில் ஸ்பிரிங் பூட்டின் ஸ்டார்ட்டர் பேரண்டை வைத்திருந்தால் தானாக வரும். வேறு பேரண்ட் என்றாலோ, கிரேடிலில் அந்த வரி வரவில்லை என்றாலோ நீங்களே சேர்க்க வேண்டும். அது முடியாதவர்கள் அப்ளிகேஷன் ப்ரொப்பர்ட்டீஸில் சொந்தமாக ஒரு பெயர் வைத்து எண்ணை எழுதி, அந்தப் பெயரையே பேனரில் டொலர் அடைப்புக்குள் போடலாம். வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு முறையும் கையால் மாற்ற மறக்கக் கூடாது. எண் பிழையாக இருப்பதை விடக் காலியாக இருப்பது பரவாயில்லை.

## அறிகுறி 7: வேர்ஷன் 3க்கு மாறிய பிறகு படம் போய்விட்டது

பேனர்.பிஎன்ஜி, ஜேபிஜி, ஜிஃப் என்று உண்மையான படத்தை வைத்திருந்தீர்களா? ஸ்பிரிங் பூட் 3.0 இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். எழுத்துப் படமாக மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

## அறிகுறி 8: பேனர் வடிவாக வருகிறது, அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை

இது பேனரின் பிழை அல்ல. ஆனால் கண்ணுக்குத் தெரிவது பேனர் மட்டுமே என்பதால் ஆட்கள் அதைத்தான் குற்றம் சொல்கிறார்கள்.

வாசிக்கக் கூடிய வரி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். 8080 என்ற எண்ணும் ஏற்கெனவே பாவனையில் என்ற பொருளில் ஒரு வரியும் இருந்தால் பெரும்பாலும் அதே செயலி இன்னொரு ஜன்னலில் ஓடுகிறது. இரண்டு தடவை சொடுக்கியிருப்பார்கள். பழையதை மூடிவிட்டுத் தொடங்குங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு தொடங்கிய கதை என்றால் தரவுத்தளம் எழும்பவில்லை. விண்டோஸ் சேர்விசஸில் மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரஸ் ஓடுகிறதா பார்த்து, நின்றிருந்தால் ஒரு முறை தொடங்குங்கள். பிறகு டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு முறை தொடங்கியும் தரவுத்தளம் மறுபடி நின்றால் அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்பத் தொடங்குவது, மீண்டும் நிறுவுவது, டேட்டா ஃபோல்டருக்குள் 'தேவையில்லாத' ஃபைலை அழிப்பது எதுவும் வேண்டாம். சீசனில் வாங்கிய நெல்லின் முழுக் கணக்கும் அதற்குள்தான் இருக்கிறது. தரவுத்தளம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். டிஸ்க்கில் இருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மென்பொருள்காரரைக் கூப்பிட்டுப் பயன் இல்லை. கணினியை நிறுத்திவிட்டு ஹார்ட்வேர் செய்பவரிடம் கொண்டு போங்கள்.

யாரைக் கூப்பிட்டாலும் ஜன்னலை மூடாமல் மேலே ஏற்றிப் பேனரும் வேர்ஷன் எண்ணும் தெரிய ஒரு போட்டோ, கீழே இறக்கிக் கடைசிப் பத்து வரி தெரிய இன்னொரு போட்டோ எடுத்து முதலில் அனுப்பிவிடுங்கள்.